திமிங்கலம் எங்கள் வீட்டில் தங்கிய பதினெட்டு நாட்கள்

போன மாதம் ஆவணக் காப்பகத்திலிருந்து செல்வி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு என் பிரிவில் வந்து சேர்ந்த பெண். இப்போது பழைய கோப்புகளை எல்லாம் மைக்ரோபிலிமில் ஏற்றுகிறார்களாம்.

"சார், ஒரு சந்தேகம். செங்கல்பட்டுக் கட்டுல திமிங்கலத்தைப் பத்தி ஒரு கோப்பு வந்திருக்கு. அதுக்குள்ள ஒரு குமாஸ்தாவோட விளக்கக் கடிதம் தச்சிருக்கு. 'மேற்படி கோப்பை என் மனைவிக்கு வாசித்துக் காட்டும் பொருட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்'னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்கே?"

"மாதிரி என்ன மாதிரி? என்னுடையதேதான்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு, "சொந்த விஷயமா இருக்கே, இதைப் பிரிச்சு எடுத்துட்டு மீதியை மட்டும் படம் பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள். "தையல் நூலில் கை வைத்தாயானால் பஸ் பிடித்து நேரில் வந்துவிடுவேன்" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் பள்ளிப் படிப்பு, டைப்ரைட்டிங், சர்வீஸ் கமிஷன் பரீட்சை என்று எல்லாரும் ஏறும் படிகளில் நானும் ஏறினேன். செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தின் ரிக்கார்டு அறையில் உதவிக் குமாஸ்தாவாகத் தூக்கிப் போட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் அரசு அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. வேலை கிடைத்த மூன்றாம் மாதம் சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு சந்தோஷமும் ஒன்றாகச் சேர்ந்ததில் அந்த வருஷம் முழுக்க நான் தரையில் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ரிக்கார்டு கீப்பர் ஹமீது சாயபு. கோவளத்துக்காரர். ஒல்லி உடம்பு, வெள்ளைத் தொப்பி, காதோரம் ஒரு கோணி ஊசி. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மனிதர்களைப் பற்றி, சப்ரிஜிஸ்திராரே ஆனாலும், சாதாரணமாகத்தான் பேசுவார். கோப்புகளை மட்டும் 'அவர், இவர்' என்பார். "தம்பி, மூணாம் அலமாரில மேல படுத்திருக்காரே, அவரை மெதுவா எழுப்பி எறக்குங்க." முதல் நாள் நான் அலமாரி மேல் யாரோ தூங்குகிறார் என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன்.

தொழிலை அவரிடம்தான் கற்றேன். ஒவ்வொரு கோப்பும் முடிந்ததும் அதன் தலையில் ஆயுள் எழுதுவோம். சிலது நிரந்தரம், சிலது பத்து வருஷம், அற்ப விஷயமானால் மூன்று வருஷம். ஆயுள் முடிந்ததைப் பட்டியல் எடுத்து, வருஷத்துக்கு ஒரு நாள் கொல்லையில் எரித்து, எரித்ததாகக் குமாஸ்தாவும் கீப்பரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு வழக்கம் தையல். புதிய விவகாரம் ஒன்றுக்குப் பழைய உத்தரவு தேவைப்பட்டால், பழையதை எடுத்துப் புதிய கோப்பின் அடியில் வைத்துத் தைத்துவிடுவோம். அதன் பழைய இடத்தில், இன்ன கோப்புக்குள் போயிருக்கிறது என்று ஒரு சீட்டு வைப்போம். "பழையவர் புதியவர் வூட்டுக்குக் குடிபோறாரு. வாசல்ல விலாசம் எழுதி வச்சுட்டுப் போறாரு. அவ்வளவுதான்" என்பார் சாயபு. விலாசச் சீட்டைச் செல் அரித்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த வருஷம் எரிக்க வேண்டிய பட்டியலைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று வருஷ ஆயுள் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கையில் சிக்கியதுதான் திமிங்கலம். போன நூற்றாண்டு இங்கிலீஷ் கோப்பு. மூன்று வருஷத்தில் எரிந்திருக்க வேண்டியது அத்தனை காலம் எப்படித் தப்பித்தது என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. நாலு பக்கம் படித்தேன். அப்புறம் ஏணியில் நிற்க முடியவில்லை. இறங்கி உட்கார்ந்து சிரித்தேன்.

மகாபலிபுரம் கடற்கரையில் செத்த திமிங்கலம் ஒன்று ஒதுங்கியிருக்கிறது. அது யாருக்குச் சொந்தம் என்று துரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கர்ணம் தன் காலடியால் அளந்து முப்பத்தொன்பது அடி என்று எழுதினார். மறு வாரம் உப்பு இன்ஸ்பெக்டர் அளந்து நாற்பத்து நாலு என்றார். செத்த பிறகும் திமிங்கலம் வளருமா என்று துரை விளக்கம் கேட்டார். உப்பு இலாகாவோ, உப்புக்குத்தான் நாங்கள் பொறுப்பே தவிர, உப்புத் தண்ணீரில் நீந்துகிறவற்றுக்கு அல்ல என்று கைகழுவியது. ஏலம் போட்டார்கள், யாரும் வரவில்லை. திருட்டுப் போகாமலிருக்க ஒரு கான்ஸ்டபிளைக் காவல் வைத்தார்கள். நாலாம் நாள் அவர் மனுப் போட்டார்: 'இதை யாரும் திருடப் போவதில்லை என்று தாழ்மையுடன் நம்புகிறேன். என்னை வேறு எந்தக் குற்றவாளியிடமாவது காவலுக்கு அனுப்பி ரட்சிக்க வேண்டும்.' கடைசியில் தாசில்தார் ஒரே வரியில் முடித்திருந்தார்: 'மேற்படி திமிங்கலத்தை நேற்றைய பெருங்காற்றில் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகையால் நடவடிக்கை ஏதும் தேவையில்லை.'

நடுவில் மங்கலான கையெழுத்தில் ஏதோ ஒரு மனு இருந்தது. படிக்கவும் முடியவில்லை, சிரிப்பும் வரவில்லை, தாண்டிவிட்டேன். தாசில்தாரின் வரிக்குப் பிறகும் அடியில் சில தாள்கள் இருந்தன. கடலே எடுத்துக்கொண்ட பிறகு என்ன இருக்கப் போகிறது என்று மூடிவிட்டேன்.

சட்டப்படி அதன் எண்ணைப் பட்டியலில் எழுதினேன். எரிக்கிற நாளும் வந்தது. காலையில் கட்டைத் தூக்கும்போது எனக்கு மனம் வரவில்லை. இதை சரோஜா கேட்காமல் போய்விடுவாளே என்று இருந்தது. கோப்பை உருவிச் சட்டைக்குள் செருகினேன். மற்றவை கொல்லையில் எரிந்தன. 'பட்டியலில் கண்ட அனைத்தும் என் முன்னிலையில் எரிக்கப்பட்டன' என்று நான் கையெழுத்துப் போட்டேன். சாயபு சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் ஒற்றை அறை வீட்டில் சரோஜாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். கான்ஸ்டபிள் மனுவில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்துவிட்டாள். மறுநாளும் வாசிக்கச் சொன்னாள். அதற்கும் மறுநாள் அவளே கான்ஸ்டபிள் மாதிரி விறைப்பாக நின்று சல்யூட் அடித்துக் காட்டினாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். நாங்கள் ரெவின்யூ இலாகாவின் கடிதப் போக்குவரத்தை வைத்துச் சந்தோஷமாக இருந்தோம்.

பத்து நாள் போயிருக்கும். சங்கேணிக்குப்பத்திலிருந்து ஊர்த் தலைவர் கன்னியப்பனும் அவர் மனைவி பூங்காவனமும் ரிக்கார்டு அறை வாசலில் வந்து நின்றார்கள். மகாபலிபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. அவர்கள் வலை உலர்த்தி, கட்டுமரம் ஏற்றும் மணல் துண்டில் சவுக்குத் தோப்பு போடுவதற்காக, செங்கல்பட்டுப் பெரிய மனிதர் ஒருவர் பட்டா கேட்டிருந்தார். இடம் தங்களுக்கு விடப்பட்டது என்பதற்குக் காகிதம் காட்டுங்கள் என்று டெபுடி கலெக்டர் அடுத்த வெள்ளி வரை கெடு கொடுத்திருந்தார். குப்பத்தில் இருந்த நகல் ஒரு புயலில் போய்விட்டது.

கன்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்துப் பூங்காவனம் பேசினாள்.

"இன்னா சாரே, நாங்க இன்னா சொத்தா கேக்கறோம்? வலை காயப் போடற எடம். அதுல சவுக்க நட்டா கட்டுமரத்த எங்க ஏத்தறது, உங்க ஆபீஸ் மேலயா? அந்த எடம் போச்சுன்னா நாப்பது வூடும் குப்பத்த காலி பண்ணிகினு போவ வேண்டியதுதான்."

பதிவேட்டில் அந்த உத்தரவு இருந்தது. எண் இருந்தது, கட்டு இருந்தது, கட்டைப் பிரித்தால் உத்தரவு மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் செல் அரித்த தூள் ஒரு சிட்டிகை. சாயபு அந்தத் தூளைக் கையில் எடுத்து, "சீட்டு இருந்திருக்கு. எங்கயோ குடிபோயிருக்காரு. விலாசத்தை செல்லு தின்னுட்டுது" என்றார். ஒரு வாரம் நாங்கள் இருவரும் முந்நூறு கட்டாவது பிரித்திருப்போம். துறைமுகம், உப்பளம், கலங்கரை விளக்கம், காலரா என்று கடற்கரைச் சம்பந்தமான எதையும் விடவில்லை. தும்மித் தும்மி என் மூக்கு சிவந்துவிட்டது. சரோஜா ரசம் வைத்துக் கொடுத்தாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை காலை, பூங்காவனம் மறுபடி வந்தாள். இல்லை என்று சாயபு சொன்னதும் அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பேச்சுக்காரி பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "உங்க ஊர்ல பெரியவங்க யாராவது அந்தக் காகிதத்தைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களாம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"எங்க மாமியா சொல்லும் சாரே. வலை காயற எடத்துல மலையாட்டம் ஒரு மீனு வந்து செத்துக் கெடந்துதாம். ஊரே மூக்கப் பொத்திகினு கீது. எங்க எடத்துலருந்து இத்த எடுங்கன்னு மனு குடுத்தாங்களாம். அப்பத்தான் துரை பழைய காயிதத்த வரவச்சுப் பாத்துட்டு, எடம் இவங்களுதுதான்னு சொல்லிட்டுப் போனானாம்."

மங்கலான மனு! அடியில் நான் புரட்டாமல் விட்ட தாள்கள்! நாற்பது வீட்டின் வாழ்வு என் வீட்டு அரிசி டின் மேல் இருக்கிறது. சட்டப்படி அது சாம்பல். அதில் என் கையெழுத்து.

சாயபு என்னைப் பார்த்தார். "தம்பி, மூஞ்சி வாடியிருக்கு. பசிக்குது போல. வூட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்.

மணி பத்தரைதான். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, சைக்கிளில் பறந்தேன்.

"சரோஜா, திமிங்கலம் எங்கே?"

"அடுத்த வீட்டு மாமி கேட்டாங்கன்னு குடுத்தேன். நான் நடிச்சுக் காட்டினதைப் பார்த்துட்டு, நிஜமாவே எழுதியிருக்கான்னு கேட்டாங்க."

அடுத்த வீட்டில் மாமி, "எங்காத்துக்காரர் படிச்சுப் பாக்கறேன்னு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துண்டு போயிட்டாரே" என்றாள். அவர் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கு மிதித்தேன். வகுப்பு வாசலில் போய் நின்றால், வாத்தியார் மேஜை மேல் என் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு டிக்டேஷன் போட்டுக்கொண்டிருக்கிறார். வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்து கான்ஸ்டபிளின் மனுவை எழுதிக்கொண்டிருந்தது. ஒரு அரசாங்க ரகசியம் அத்தனை நோட்டுப் புத்தகத்தில்! "சார், ஒரு அவசரம்" என்று சொல்லிக் கோப்பை அள்ளிக்கொண்டு ஓடினேன். "இன்னும் ஒரு பாரா இருக்கே" என்று பின்னால் அவர் கத்தியது கேட்டது.

ரிக்கார்டு அறையில் சாயபு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அடித்தாள்களைப் புரட்டினேன். இருந்தது. முத்திரையோடு, கையெழுத்தோடு, நாலு எல்லையோடு, வலை உலர்த்தவும் மரம் ஏற்றவும் சங்கேணிக்குப்பத்தாருக்கு விடப்பட்ட மணல் துண்டு என்று அட்சர சுத்தமாக இருந்தது. நான் தனியாக நின்று குதித்தேன்.

குதித்து முடித்ததும் பயம் வந்தது. இந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்வது? அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. நூலை அறுத்து உத்தரவை மட்டும் உருவி, அதன் பழைய கட்டில் வைத்துவிட்டால்? இதோ கிடைத்துவிட்டது என்று கத்தலாம். குப்பம் பிழைக்கும். நானும் பிழைப்பேன். திமிங்கலத்தைப் பிறகு நிஜமாகவே எரித்துவிடலாம். பென்சில் சீவும் பிளேடை எடுத்து நூலுக்கு அடியில் கொடுத்தேன்.

"வந்துட்டாரா?"

வாசலில் சாயபு. என் கையிலிருந்த பிளேடு கீழே விழுந்தது.

"எங்க தங்கியிருந்தாரு?"

"எங்க வீட்லதான் சார்."

"நல்லா பாத்துக்கினீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். சரோஜா, சல்யூட், டிக்டேஷன் உள்பட. அவர் கேட்டுக்கொண்டே கோப்பை வாங்கி, கடைசித் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கியது. வெகு நேரம் கழித்து நூலைத் தடவிப் பார்த்தார்.

"பிரிச்சீங்கன்னா இவர் அநாதை. ஒத்தத் தாளைக் காட்டினா, நேத்து எழுதினதுன்னு வக்கீல் சொல்லுவான். துரை வரவச்சாரு, பாத்தாரு, சரின்னாருங்கறதுக்கு இந்தத் திமிங்கலம்தான் சாட்சி. அந்தக் காலத்துத் தையல், அந்தக் காலத்து ஓட்டை. இது பிரியக் கூடாது தம்பி."

"அப்ப என் வேலை போயிடுமே சார்."

"போவலாம். எரிச்சதா நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். வாங்க, ஆளுக்கு ஒரு விளக்கம் எழுதுவோம்."

நான் எழுதியதுதான் செல்வி படித்த கடிதம். சாயபு தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, மடித்து, கவரில் போட்டு ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை மகாபலிபுரம் பங்களாவில் டெபுடி கலெக்டர் முகாம். வராந்தா முழுக்கக் குப்பத்து ஜனம். சரோஜாவும் வருவேன் என்று அடம்பிடித்து வந்து பூங்காவனத்தின் பக்கத்தில் நின்றாள். சாயபு கோப்பை மேஜையில் வைத்தார். எதிர்க்கட்சி வக்கீல் எண்ணைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"இந்தக் கோப்பை எரிச்சதா சர்டிபிகேட் இருக்குங்க. சாம்பல் எப்படிங்க சாட்சி சொல்லும்?"

டெபுடி கலெக்டர் சிரிப்பே அறியாத மனிதர் என்று பெயர். என் விளக்கத்தையும், சாயபுவின் கவரையும் பிரித்துப் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பெண்டாட்டிக்கு வாசிச்சுக் காட்டத் திருடினேன்னு எழுதியிருக்கீர். சர்க்கார் கோப்புல அப்படி வாசிச்சுக் காட்ட என்னய்யா இருக்கு?"

நான் வாய் திறக்கும் முன்பே வராந்தாவிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது: "நாலாம் பக்கம் பாருங்க சார்."

அவர் நாலாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் போனார். கான்ஸ்டபிள் மனு வந்திருக்க வேண்டும். அவர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, மங்கலான மனுவையும் அடித்தாள்களையும் மிக நிதானமாக இரண்டு தடவை படித்தார். தையலை வக்கீலுக்கே தூக்கிக் காட்டினார். வக்கீல் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வலை காயற எடம் வலை காயற எடமாவே இருக்கும். பட்டா மனு தள்ளுபடி."

அதன் பிறகு அங்கே நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. கன்னியப்பன் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒரு கூச்சல் போட்டார். பூங்காவனம் சரோஜாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "யம்மாடி, உன் புருசன் திருடினதாலதானே எங்க காயிதம் நெருப்புக்குப் போவாம தப்பிச்சிது!" சாயபுவை வெளியே மணலில் கிடந்த கட்டுமரத்தில் ஏற்றி உட்கார வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று, கோப்பை இறக்கும்போது எங்களுக்குச் சொல்லும் அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் சாயபுவுக்கும் கண்டனத் தண்டனை வந்தது. வேலை போகவில்லை. ஆனால் இருபத்தேழு வருஷம் ஒரு கீறல் இல்லாத சாயபுவின் பணிப் பதிவேட்டில் என்னால் கீறல் விழுந்தது. அந்தத் துக்கம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. திங்கட்கிழமை அவர் கோணி ஊசியை என்னிடம் கொடுத்து, விளக்கங்கள் இரண்டையும், கண்டன உத்தரவையும் கோப்பின் அடியில் தைக்கச் சொன்னார். மேலதிகாரியின் விளக்கத்தைக் கீழே இருப்பவன் படிப்பது மரியாதையில்லை. மடித்தது மடித்தபடி தைத்தேன். பிறகு தலைப்பில் இருந்த 'மூன்று வருஷம்' என்பதை அடித்துவிட்டு, 'நிரந்தரம்' என்று எழுதினேன். ஆகவே நான் செய்த திருட்டு, சர்க்கார் உள்ளவரை பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்று ஆகிவிட்டது.

இவ்வளவையும் எழுதிச் செல்விக்கு அனுப்பினேன். போன வாரம் அவளிடமிருந்து பதில் தபால் வந்தது. உள்ளே இரண்டு பக்க நகல். 'சார், நூலைப் பிரிக்கவில்லை. மடிப்பை மட்டும் பிரித்தேன். நீங்கள் இதைப் படித்ததில்லை என்று எழுதியிருந்தீர்களே!' என்று ஒரு துண்டுச் சீட்டு.

சாயபுவின் விளக்கம். முத்து முத்தான இங்கிலீஷ். திமிங்கலம் கடலோடு போனதும் கோப்பை மூடிவிட்டவன் நான், அடியில் தைத்த சாயபுவின் விளக்கத்தையும் மடித்தபடி விட்டு, இரண்டாம் முறையும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். சரோஜாவை உட்கார வைத்து, அன்றைக்குப் போலவே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன்.

'இந்தக் கோப்பை வருஷந்தோறும் எரிக்கும் பட்டியலிலிருந்து விலக்கி வைத்து வந்தவன் நானே. எனக்கு முன் இருந்த கீப்பரும் அவ்வாறே செய்து, என்னிடம் ஒப்படைத்துப் போனார். மனம் சோர்ந்த நாட்களில் எடுத்துப் படிப்பேன். கடல் எடுத்துக்கொண்டது என்ற வரியோடு மூடிவிடுவேன்; அதற்கு மேல் புரட்டாதது என் குற்றம். இவ்வருஷம் உதவிக் குமாஸ்தா இதைப் பட்டியலில் சேர்த்தபோது, விதியை மீறச் சொல்லி ஒரு சிறுவயதுக்காரரைக் கெடுக்க மனமின்றி வாளாவிருந்தேன். எரிக்கும் காலையில் கட்டில் இருந்த கோப்புகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. குமாஸ்தாவின் சட்டை முன்புறம் சற்றுப் புடைத்திருந்தது. நான் பொய்யென்று அறிந்தே கையெழுத்திட்டேன். என் உத்தியோக காலத்தில் எந்தக் கையெழுத்தையும் இவ்வளவு சந்தோஷத்தோடு இட்டதில்லை.'

சரோஜா முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் எழுந்து விறைப்பாக நின்று, அந்தத் தாளுக்கு ஒரு சல்யூட் அடித்தாள்.